சத்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், எங்கள் பட்டறையின் புதிய மேலாளர் ஷர்மிளா என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். லோரி இன்ஜினில் எந்தச் சத்தம் எந்தக் கோளாறைக் காட்டும் என்று நாலைந்து பக்கம் எழுதித் தரச் சொன்னார். இப்போது வரும் லோரிகளில் ஒரு வயரைச் செருகினால் கோளாறு என்னவென்று திரையில் வந்துவிடுகிறது. ஆனால் பெல்ட் கீச்சிடுவதும் பேரிங் உறுமுவதும் திரையில் வருவதில்லை. அதற்கு இன்னும் காதுதான் வேண்டியிருக்கிறது.

எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, மறக்க முடியாத ஒரு கேஸையும் கடைசியில் சேருங்கள் என்றார். பத்து டன் லோரி ஒன்றின் கதையை எழுதிச் சேர்த்தேன். எல்லோருக்கும் நான் சொல்லும் கதை அது. ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், என் பெயர் பொறித்த ஒரு கண்ணாடித் துண்டைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதைத் துணி அலமாரிக்குள் வைத்தேன். மறக்க முடியாத கேஸ் அந்தப் பத்து டன் லோரி இல்லை. அது வேறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் குணசேகரன். குருண் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா ரப்பர் எடுக்கப் பால்மரம் வெட்டினார். பள்ளிக்கூடம் முடிந்ததும் சுங்கைப் பட்டாணியில் ஒரு சீனர் பட்டறையில் சேர்ந்து, முதல் வருடம் முழுக்க டீசலில் இன்ஜின் சாமான் கழுவினேன். இரண்டாம் வருடம் ஸ்பேனர் பிடிக்க விட்டார்கள். பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டக் கம்பெனியின் பட்டறைக்கு வந்தேன். இருபத்திரண்டு வயதில் உள்ளே போனவன் அறுபதில் வெளியே வந்தேன். இடையில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கம்பெனி கொடுத்த வீடு. அவ்வளவுதான்.

அந்தப் பட்டறைக்கு அப்போது சூப்பர்வைசர் இராஜரத்தினம் சார். அவரைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. வெள்ளைச் சட்டை போடுவார். கிரீஸ் படிந்த அந்த இடத்தில் நாள் முழுக்க நடந்தும் சட்டையில் ஒரு புள்ளி இருக்காது. காதில் எப்போதும் பென்சில். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரும் மெக்கானிக்காக இருந்து வந்தவர். நல்ல மெக்கானிக். வாசலுக்குள் நுழையும் லோரியை ஆபீஸ் ஜன்னலிலிருந்து கேட்டே, இதற்குத் தண்ணீர்ப் பம்ப் போகிறது என்பார். பிரித்துப் பார்த்தால் சரியாக இருக்கும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. இதைச் செய் என்று சொல்லவே மாட்டார். கேள்விதான் கேட்பார். “நீ என்ன நெனைக்கிற?” என்பார். நாம் சொல்லும் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் சற்று நேரம் சும்மா நிற்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு அதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார். நமக்கே தாங்காமல் அவர் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லிவிடுவோம். உடனே பென்சிலை எடுத்து அதை ஜாப் கார்டில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி நம்மிடம் நீட்டுவார். சொன்னது நாம், கையெழுத்தும் நம்முடையது. அவர் எழுதிய எழுத்து மட்டும் அழகாக இருக்கும்.

இதெல்லாம் எனக்கு அப்போது தப்பாகத் தெரியவில்லை. என்னை மதிக்கிறார் என்றே நினைத்தேன்.

பத்து டன் லோரியின் கதை இதுதான். நான் சேர்ந்து நாலாவது வருடம். இன்ஜினில் டொக் டொக்கென்று கனமான சத்தம். பெரியவர்கள் எல்லோரும் உள்ளே பேரிங் அடிபட்டுவிட்டது, இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார்கள். சங்கிலி கட்டித் தூக்கும் வேலையே ஆரம்பமாகிவிட்டது. நான் ஒரு நிமிடம் கேட்டு, பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டேன். சத்தம் இல்லை. பெல்ட்டை மாட்டினால் சத்தம் வந்தது. ஆக கோளாறு இன்ஜினுக்குள் இல்லை, பெல்ட் சுற்றும் ஏதோ ஒன்றில் இருக்கிறது. நீளமான திருப்புளியின் முனையை ஒவ்வொன்றிலும் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். தண்ணீர்ப் பம்ப்பின் தண்டு ஆடியது. அரை நாளில் வேலை முடிந்தது. இராஜரத்தினம் சார் தோட்ட மேனேஜர் முன்னிலையில் என் தோளைத் தொட்டு, இவன்தான் கண்டுபிடித்தான் என்றார். அன்றிலிருந்து டிரைவர்களிடம், சத்தம் என்றால் குணாவிடம் போ என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நான் என்னவெல்லாம் செய்தேன் என்று இப்போது தெரிகிறது.

டிரைவர்கள் சத்தத்தைச் சொல்லும் விதமே தனி. எலிக்குஞ்சு கத்துகிறது என்பார் ஒருவர். தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி என்பார் இன்னொருவர். சிரிக்கக்கூடாது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருகிறதா, சூடேறிய பிறகா, ஏற்றத்திலா, லைட்டைப் போட்டால் கூடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். லைட் போட்டால் கீச்சு கூடுகிறது என்றால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. ஓடும் பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலும் தெரியும். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ச்சி. ஒரு கணம் நின்று மறுபடி வந்தால் பெல்ட் ஓடும் சக்கரங்கள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை, ஒன்று சாய்ந்திருக்கிறது. சாய்ந்த சக்கரத்தில் ஓடும் பெல்ட் ஓரம் தேய்ந்து நூல் நூலாகப் பிரியும். புதுப் பெல்ட் போட்டாலும் அதுவும் அப்படியே பிரியும்.

வீரையா அண்ணன் சொன்ன சத்தம் குருவிச் சத்தம்.

அவர் மூன்று டன் லோரி ஓட்டினார். தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு உரமூட்டை ஏற்றிப் போவார், திரும்பும்போது ஆட்களை ஏற்றிக் கீழே கொண்டுவருவார். ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருந்தது அந்த டிவிஷன். செம்மண் சாலை, ஒரு பக்கம் சரிவு, நடுவில் இரண்டு கூர்மையான வளைவு. பதினாறு வருடம் அந்தச் சாலையில் ஓட்டியவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். காலையில் லோரியை எடுப்பதற்கு முன் சுற்றி வந்து நாலு டயரையும் காலால் தட்டிப் பார்ப்பார். மற்ற டிரைவர்கள் அதைக் கேலி செய்வார்கள்.

பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அவர் வந்து, “குணா, உள்ள ஒரு குருவி உக்காந்து கத்துது. மூணு வாரமா கத்துது. போன மாசம் போட்ட பெல்ட்டு அதுக்குள்ள நார் நாரா போயிருக்கு, பாரு” என்றார்.

பார்த்தேன். அவர் சொன்னது சரி. பெல்ட்டின் ஒரு ஓரம் நரைத்த தாடி மாதிரி பிரிந்திருந்தது. தண்ணீர் தெளித்தேன். குருவி ஒரு கணம் வாயை மூடி மறுபடியும் கத்தியது. இரும்பு ஸ்கேலை எடுத்து இன்ஜினின் கீழ்ச் சக்கரத்துக்கும் டைனமோவின் சக்கரத்துக்கும் குறுக்கே வைத்தேன். ஒரு பக்கம் ஒட்டியது. மறுபக்கம் இருபது காசு நாணயத்தை நுழைக்கும் அளவுக்கு இடைவெளி. டைனமோ சாய்ந்திருந்தது. ஏன் சாய்ந்தது என்று பார்க்க வேண்டும். அதைத் தாங்கும் பிராக்கெட்டைத் துடைத்து, டீசல் பூசி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவி இன்ஜினை ஓடவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் அதிர்வில் வெளியே கசிந்து வெள்ளைத் தூளில் கறுப்புக் கோடாகத் தெரியும். தெரிந்தது. அடி முதல் மேல் போல்ட் வரை ஒரு கோடு, தலைமுடி மாதிரி.

இந்த லோரியில் இது சின்ன விஷயம் இல்லை. ஏன் என்று சொல்ல வேண்டும். டைனமோவின் பின்பக்கம் ஒரு சின்னப் பம்ப் இருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது நம் காலுக்குத் துணையாக நின்று அழுத்துவது அந்தப் பம்ப் உண்டாக்கும் காற்றிழுப்புதான். பெல்ட் சுற்றினால்தான் டைனமோ சுற்றும், டைனமோ சுற்றினால்தான் பம்ப் சுற்றும். பெல்ட் அறுந்தால் முதல் இரண்டு மூன்று மிதிக்குத்தான் பிரேக் இருக்கும். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். இரண்டு காலையும் வைத்து நின்றாலும் பாரம் ஏற்றிய லோரி இறக்கத்தில் நிற்காது.

நான் போய் இராஜரத்தினம் சாரிடம் சொன்னேன். பிராக்கெட் மாற்ற வேண்டும், அதுவரை லோரியை வெளியே விடக்கூடாது என்றேன். வந்து பார்த்தார். சாக்பீஸ் தூளில் இருந்த கோட்டைக் குனிந்து பார்த்தார். அவருக்குப் புரிந்தது. என்னைவிட நன்றாகவே புரிந்திருக்கும். ஸ்டோரில் பிராக்கெட் இல்லை, பட்டர்வொர்த்திலிருந்து வர வெள்ளிக்கிழமை ஆகும். அந்த வாரம் உரம் போடும் வாரம். மழைக்கு முன் மேல் டிவிஷனில் உரம் முடிந்தாக வேண்டும் என்று மேனேஜர் காலையிலேயே இரண்டு தடவை போன் செய்திருந்தார். வேறு லோரி இல்லை.

“நீ என்ன நெனைக்கிற?” என்று கேட்டார்.

ஓட்டக்கூடாது சார் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

“பெல்ட்டு இப்போ அறுந்திருக்கா?”

இல்லை என்றேன்.

“புதுப் பெல்ட்டு போட்டா எத்தனை நாளு தாங்கும்? நீதான் சத்தம் கேக்குற ஆளு. நீ சொல்லு.”

அந்த அளவுப் புதுப் பெல்ட்டும் ஸ்டோரில் இல்லை, அதுவும் பிராக்கெட்டோடு சேர்ந்துதான் வரும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் மறுபடியும் சும்மா நின்றார். வாசலில் வீரையா அண்ணன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நின்றிருந்தார்.

“வெள்ளிக்கெழம வரைக்கும் ஓடுமா, ஓடாதா? அத மட்டும் சொல்லு குணா.”

ஓடும் சார் என்றேன்.

இதை நான் பதினான்கு வருடமாக யோசிக்கிறேன். அவர் என்னை மிரட்டவில்லை. வேலையை விட்டு எடுப்பேன் என்று சொல்லவில்லை. ஓடாது என்று இரண்டாம் தடவையும் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் செய்யாமல்கூட இருந்திருக்கலாம். நான் சொல்லவில்லை. வெறும் மெக்கானிக்காக இருந்த என்னைத் தலைமை மெக்கானிக் ஆக்கும் கடிதம் அவர் மேசையில் இருந்தது, அதுவும் என் நினைவில் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

டைனமோ போல்ட்டுக்குப் பின்னால் இரண்டு வாஷர் வைத்துச் சாய்வைக் கொஞ்சம் குறைத்தேன். பெல்ட்டின் ஓரத்தில் பிரிந்த நூலைக் கத்தியால் வெட்டினேன். பிறகு பெல்ட்டுக்கு அடிக்கும் பசை ஸ்ப்ரேயை இரண்டு பக்கமும் அடித்தேன். அந்த ஸ்ப்ரே கோளாறைத் தீர்க்காது. ரப்பரை ஒட்டும்படி ஆக்கிச் சத்தத்தை மட்டும் நிறுத்தும். சத்தத்தை நம்பிப் பிழைப்பவன் கையால் தொடக்கூடாத சாமான் அது. இன்ஜினை ஓடவிட்டோம். குருவி கத்தவில்லை.

இராஜரத்தினம் சார் கார்டில் எழுதினார். பெல்ட் சரிபார்க்கப்பட்டது, சத்தம் இல்லை. பென்சிலைக் காதில் செருகிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். போட்டேன்.

வீரையா அண்ணன் காதைக் கொடுத்துக் கேட்டு, சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினார். பெல்ட் மாற்றியாச்சா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சாமான் வருது அண்ணே, அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க என்றேன். பிரேக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய் ஓடியது. புதன் ஓடியது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

இழுவை லோரியில் நானும் போனேன். மேல் டிவிஷனில் பாதி உரத்தை இறக்கிவிட்டு மீதி மூட்டைகளோடு பக்கத்து பிளாக்குக்கு இறங்கும்போது, இரண்டாவது வளைவில் லோரி திரும்பாமல் நேராகப் போய்ச் செம்பனை மரத்தில் மோதியிருந்தது. முன்பக்கம் உள்ளே மடிந்திருந்தது. வீரையா அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. மூட்டை ஏற்றும் இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் பக்கத்து சீட்டில் இருந்தார். அவர் அங்கேயே இறந்துவிட்டார். நான் போனபோது மரத்தடியில் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். உர மூட்டைகள் கிழிந்து வெள்ளை உருண்டைகள் சாலை முழுக்கச் சிதறியிருந்தன.

நான் வளைவிலிருந்து மேலே நடந்தேன். எதற்கு நடந்தேன் என்று எனக்குத் தெரியும். இருநூறு அடிக்கு மேலே, செம்மண்ணில், பெல்ட்டின் ஒரு துண்டு கிடந்தது. ஒரு முழ நீளம். ஓரம் நாராகப் பிரிந்து, மேலே ஸ்ப்ரே பசையில் மண் ஒட்டிக்கொண்டிருந்தது. லோரி மரத்தில் மோதுவதற்கு முன்பே பெல்ட் அறுந்துவிட்டது என்பதற்கு அந்த ஒரு துண்டு போதும். அதைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வண்டியைப் பரிசோதித்தவர்கள் பிரேக் எண்ணெய் இருக்கிறது, சக்கரங்களில் பிரேக் நன்றாக இருக்கிறது என்றார்கள். பெல்ட் அறுந்திருப்பதைப் பார்த்தார்கள். ரேடியேட்டர் பின்னால் தள்ளப்பட்டு ஃபேன் உடைந்திருந்ததால், மோதியதில் அறுந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். கியர் நியூட்ரலில் இருந்தது. இறக்கத்தில் எண்ணெய் மிச்சப்படுத்த ஃப்ரீ கியரில் ஓட்டுவது சில டிரைவர்களின் பழக்கம். வீரையா அண்ணனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பிரேக் பிடிக்காதபோது கியரைக் குறைக்கப் பார்த்திருப்பார், விழுந்திருக்காது. இதையும் யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் அந்தப் பெல்ட் துண்டை இராஜரத்தினம் சார் மேசையில் வைத்தேன். கதவைச் சாத்தச் சொன்னார். துண்டைப் பென்சில் முனையால் திருப்பிப் பார்த்தார். வளைவுக்கு மேலே கிடந்தது சார் என்றேன்.

“யாராச்சும் பார்த்தாங்களா?”

இல்லை என்றேன்.

“அந்த ரோட்டுல எத்தனை லோரி ஓடுது. எத்தனை பெல்ட்டு கெடக்கும். இது அந்த லோரியோடதுன்னு நீ எப்படிச் சொல்லுவ?” கண்ணாடியைக் கழற்றினார். “சொல்றதா இருந்தா நான் தடுக்க மாட்டேன் குணா. ஆனா கார்டுல யாரு கையெழுத்து இருக்கு?”

துண்டை அவர் கையால் தொடவும் இல்லை. நான்தான் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நான்தான் பழைய இரும்பு போடும் டிரம்மில் போட்டேன். அந்த வாரமே டிரம் காலியானது.

கம்பெனி விசாரணை ஒரு மாதம் கழித்துத் தோட்ட ஆபீஸில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், தோட்ட மேனேஜர், இராஜரத்தினம் சார். வீரையா அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை, பெடல் கல் மாதிரி இருந்தது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். நம்பவில்லை போலிருக்கிறது. பிறகு, குணாவைக் கேளுங்கள், இன்ஜினில் சத்தம் இருந்தது குணாவுக்குத் தெரியும் என்றாராம். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே போனேன். வீரையா அண்ணன் என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. ஆள் வந்துவிட்டான் என்ற மாதிரி. அதை நான் பார்த்தேன்.

தலைமை அலுவலகத்து ஆள் கார்டைப் படித்துவிட்டு மலாயில் கேட்டார். வண்டி பட்டறையை விட்டுப் போகும்போது சத்தம் இருந்ததா?

“இல்லை துவான்” என்று மலாயிலேயே சொன்னேன்.

அது பொய் இல்லை. வண்டி போகும்போது சத்தம் இல்லை. வேறு எதையாவது சொல்ல விரும்புகிறாயா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். வீரையா அண்ணன் பக்கம் திரும்பாமல் வெளியே வந்தேன். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஃப்ரீ கியரில் இறங்கினார் என்று முடிவு செய்து அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். விசாரணை அறிக்கை போலீசுக்குப் போனது. கவனக்குறைவாக ஓட்டியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொன்னதைக் கேட்டு ஒப்புக்கொண்டார். ஐந்து மாதம் சிறை. லைசென்ஸ் போய்விட்டது. தோட்ட வீட்டைக் காலி செய்துகொண்டு அவர் மனைவி செல்வி அக்கா பிள்ளைகளோடு லூனாஸில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

எனக்குத் தலைமை மெக்கானிக் கடிதம் அதே வருடம் வந்தது.

அதற்குப் பிறகு பதினான்கு வருடம் வேலை செய்தேன். பசை ஸ்ப்ரேயைப் பட்டறைக்குள் வரவே விடவில்லை. பெல்ட் சந்தேகம் என்றால் எந்த மேனேஜர் கத்தினாலும் லோரியை நிறுத்திவைத்தேன். கண்டிப்பான ஆள் என்று பெயர் எடுத்தேன். கேக் வெட்டிய நாளில்கூட ஒரு பையன் அதைச் சொல்லித்தான் பாராட்டினான். இராஜரத்தினம் சார் ஓய்வு பெற்று பினாங்கில் மகன் வீட்டில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் இறந்தார். நான் போய் மாலை போட்டேன். அவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இனி அந்த அறையில் இருந்தவன் நான் ஒருவன்தான் என்று மட்டும் தோன்றியது.

அவர் செத்த பிறகு, எனக்கு வர வேண்டிய ஓய்வுப் பணமும் கைக்கு வந்த பிறகுதான் நான் லூனாஸுக்குப் போனேன். இதை மனசாட்சி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வீரையா அண்ணன் ஒரு தொழிற்சாலையில் வாசல் காக்கும் ஜாகா வேலை பார்க்கிறார். ஒரு காலை இழுத்து நடக்கிறார். என்னை அடையாளம் கண்டு, வா குணா, உட்கார் என்றார். செல்வி அக்கா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்பீஸ் தூளில் தெரிந்த கோடு, ஸ்ப்ரே, கார்டு, செம்மண்ணில் கிடந்த துண்டு, டிரம். முடித்த பிறகு அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன்.

“மொதல்ல எனக்கு நல்லா தெரிஞ்சிச்சு, நான் ஃப்ரீ கியர் போடலன்னு,” என்றார். “எல்லாரும் போட்ட போட்டன்னு சொன்னாங்க. ஜெயில்ல உக்காந்து யோசிச்சேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. போட்டிருப்பேன்போலன்னு. இத்தனை வருசமும் அப்படித்தான் நெனைச்சிக்கிட்டு இருந்தேன்.”

பிறகு உள்ளே பார்த்து, செல்வி, இங்க வா, இவன் சொல்றத நீயும் கேளு என்றார். என்னிடம், மறுபடியும் சொல் என்றார். முதலிலிருந்து.

மறுபடியும் சொன்னேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். அவர் கேட்டது ஒன்றுதான்.

“விசாரணை அன்னைக்கு நீங்க அந்த ரூமுக்குள்ள இருந்தீங்களா?”

இருந்தேன் அக்கா என்றேன்.

அவர் என்னை அதற்கு மேல் பார்க்கவில்லை. புருஷனிடம் போய், இத்தனை நாளும் நான் உங்களை ஏசிட்டேனே என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். வீரையா அண்ணன் அவர் தலைமேல் கையை வைத்தார். எனக்கு அங்கே இருக்க உரிமை இல்லை. எழுந்து வந்தேன். வாசல் வரை யாரும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கம்பெனிக்கும் போலீஸ் நிலையத்துக்கும் நடந்ததை முழுதாக எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒரு நகலை வீரையா அண்ணனுக்கும் அனுப்பினேன். போலீஸ் நிலையத்திலிருந்து இதுவரை கூப்பிடவில்லை. கம்பெனி, கடிதம் கிடைத்தது, பழைய பதிவுகள் இப்போது இல்லை என்று இரண்டு வரியில் பதில் போட்டது.

இரண்டு வாரம் கழித்து வீரையா அண்ணனிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை.

“லெட்டர் படிச்சேன். என்னைப் பத்தி எழுதியிருக்க, உன்னைப் பத்தி எழுதியிருக்க, உன் சாரைப் பத்தி எழுதியிருக்க. செத்தவன ஒரு தொழிலாளின்னு எழுதியிருக்க. அவன் பேரு என்ன, தெரியுமா?”

எனக்குத் தெரியவில்லை. பதினான்கு வருடத்தில் நான் யாரிடமும் கேட்டதில்லை.

“வாஹித். இருபத்தாறு வயசு. பேரப் போட்டு மறுபடியும் எழுது” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

எழுதினேன்.